மொய் நோட்டும் ஹார்ட் டிஸ்க்கும்

எங்கள் பங்காளி வகையறாவின் மொய்க் கணக்கு என்னிடம்தான் இருக்கிறது. அப்பா காலத்தில் நாலு நீள நோட்டுகளில் இருந்தது. 1996-ல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அப்போது ஆபீசில் ஃபாக்ஸ்புரோ கற்றுக் கொடுத்திருந்தார்கள். கற்றதை எங்கேயாவது பிரயோகிக்க வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது. விண்டோஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ 2.6, ஒரு தமிழ் எழுத்துரு, ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடைக்கும் நேரம். மூன்று மாதத்தில் புரோகிராம் தயார். யார் வீட்டு விசேஷம், யார் எழுதியது, எவ்வளவு, நாம் திருப்பிச் செய்தோமா இல்லையா, எல்லாம் ஒரு பட்டனில் வரும்.

மொய் விஷயம் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் இது வேடிக்கை இல்லை. 1988-ல் ஒருவர் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நூற்றியொரு ரூபாய் எழுதியிருந்தால், அவர் பேத்தி சடங்குக்கு நீங்கள் அதைவிடக் கொஞ்சமாவது கூட எழுத வேண்டும். மறந்துபோனால் யாரும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது, அவ்வளவுதான். ஆகவே குப்பனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்திரிகை வந்த வீட்டுக்காரர்கள் முதலில் எனக்குத்தான் போன் செய்வார்கள். "நாம என்ன வாங்கியிருக்கோம், பாத்துச் சொல்லுங்க."

ஃபாக்ஸ்புரோ 2.6 என்பது 16 பிட் காலத்துச் சரக்கு. 64 பிட் விண்டோஸில் ஓடாது. எக்ஸ்பி இருந்தவரை பிரச்சினை இல்லை. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. என் பழைய கம்ப்யூட்டரும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் கண்ணை மூடியது. புதியது வாங்கியபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். "மாமா, உங்க எக்ஸ்பி எங்கயும் போகல. இதுக்குள்ளயே ஒரு ஜன்னல்ல ஓடும்" என்றான். ஓடியது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். நான் உள்வீடு என்று சொல்லிக்கொள்வேன். உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குத் தான் குடியிருப்பது உள்வீடு என்று தெரியாது. தனக்கென்று ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அந்த டிஸ்க், லினக்ஸில் இருபது ஜிபி கொண்ட ஒரே ஒரு கோப்பு.

ஓடியது, ஆனால் நொண்டி ஓடியது. எக்ஸ்பி கண் விழிக்க நாலு நிமிஷத்துக்கு மேல். பெயர் தேடினால் டீ குடித்துவிட்டு வரலாம். ரிட்டயர் ஆனவனுக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். போனில் ஆள் காத்திருக்கிறாரே!

ஏன் இவ்வளவு மெதுவு என்று தோண்டினேன். டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று. அதாவது நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு எட்டேகால் மில்லிசெகண்ட். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாகப் பாதிச் சுற்று காக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊசியைத் தாங்கிய கை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு எட்டு ஒன்பது மில்லிசெகண்ட். கூட்டிக் கழித்தால், சிதறிக் கிடக்கும் இடங்களில் நொடிக்கு எழுபத்தைந்து எண்பது முறைதான் எழுதவோ படிக்கவோ முடியும். வரிசையாக ஒரே இடத்தில் இருந்தால் அதே டிஸ்க் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் தள்ளும். ஆக, விஷயம் டிஸ்க்கின் வேகத்தில் மட்டும் இல்லை. கோப்பு எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதில் இருக்கிறது.

மருமகன் போட்டிருந்த கோப்பு முறை பிடிஆர்எஃப்எஸ். பையன்கள் பட்டர் எஃப்எஸ் என்கிறார்கள். ஆரக்கிள் கம்பெனியில் 2007-ல் தொடங்கி, 2009-ல் லினக்ஸில் சேர்ந்தது. நல்ல முறைதான். ஆனால் அதன் குணம் ஒன்று உண்டு. எழுதியதை அழித்து எழுதாது. ஒரு வரியை மாற்றச் சொன்னால் வேறு பக்கத்தில் புதிதாக எழுதிவிட்டு, முகப்பு அட்டவணையில் "இனி அந்தப் பக்கத்தைப் பார்" என்று திருத்தும். போட்டோக்களுக்கும் கடிதங்களுக்கும் இது பாதுகாப்பு. ஆனால் உள்வீட்டின் டிஸ்க் கோப்பு அப்படிப்பட்டதா? எக்ஸ்பி நாள் பூராவும் அதன் நடுவில் இங்கே ஒரு வரி அங்கே ஒரு வரி என்று திருத்திக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புதுப் பக்கம். ஒரு வருஷத்தில் என் இருபது ஜிபி கோப்பு எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று பார்த்தேன். முப்பதாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது! நொடிக்கு எண்பது முறை நகரும் ஊசிக்கு முப்பதாயிரம் துண்டு.

இதற்கு வைத்தியம் உண்டு. வெறும் ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, இதில் வைப்பதற்குப் புதுப் பக்கம் போடாதே என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம் கோப்பை அதற்குள் புதிதாக நகல் எடுக்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் அந்தக் கோப்புக்குச் சரிபார்ப்புத் தொகையும் போய்விடும். அப்போது அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் செய்தது வேறு.

உள்வீட்டு அமைப்பில் டிஸ்க்குக்கு ஒரு பட்டியல் வரும். கேஷ் முறை எது வேண்டும் என்று கேட்கும். நன், ரைட்த்ரூ, ரைட்பேக், அன்சேஃப். யாரோ போட்டிருந்த ஒரு வேக அட்டவணையில் கடைசியாக இருக்கும் அன்சேஃப்தான் எல்லாவற்றையும்விட வேகம் என்று பார்த்தேன். அதையே தேர்ந்தெடுத்தேன். பாதுகாப்பு இல்லாதது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. முப்பத்தி நாலு வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன், எச்சரிக்கைப் பலகைக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்தேன்.

வேகமோ வேகம். பெயர் தட்டினால் பளிச்சென்று வந்தது. கூடவே ஒரு சோதனையும் செய்து மகிழ்ந்தேன். ஒரு ஜிபி கோப்பை எழுதச் சொன்னதில் நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம் எம்பி என்று காட்டியது. என் டிஸ்க்கால் அது நடக்கவே நடக்காது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். எழுதியது டிஸ்க்கில் இல்லை, நினைவகத்தில். டிஸ்க் வரை போய்ச் சேர்ந்த பிறகு சொல் என்று கட்டளையில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நூற்றிப் பத்துக்கு இறங்கியிருக்கும். பின்னாளில் சேர்த்துப் பார்த்தேன், இறங்கியது.

2018 வைகாசி. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அவர் பெண்ணுக்குக் கல்யாணம். அயோத்தியாப்பட்டணம் பக்கம் மண்டபம். மொய் நானூற்றுச் சொச்சம் பேர். இரண்டு ராத்திரி உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முடித்ததும் நோட்டை அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொய் நோட்டு விசேஷ வீட்டுக்காரருடையது, அதை நாம் வைத்துக்கொள்வது முறையில்லை. மறுநாள் சாயங்காலம் சில பெயர்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்காக: ஏற்காட்டுக்கு இரண்டு வழி. சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவோடு ஏறுவது ஒன்று. வலசையூர் தாண்டி எங்கள் குப்பனூர் வழியாக ஏறுவது இன்னொன்று. அந்தப் பக்கம் மண் சரிந்து பாதை அடைத்தால்தான் எங்கள் ஊர் பேர் பேப்பரில் வரும். மலை நேரே தலைக்கு மேல் நிற்கிறது. கோடை மழைக்கு முன்னால் சேர்வராயன் மேல் மேகம் கருத்து, ஒரு மின்னல் வெட்டினால் போதும், கரண்ட் போய்விடும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அன்றும் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று என் வீட்டம்மாவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

கரண்ட் வந்தது. லினக்ஸ் எழுந்தது. எக்ஸ்பி நீலத் திரையில் டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பித்தது. வரி வரியாக ஏதோ ஓடியது. பிறகு ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர் புதிதாக முளைத்திருந்தது. ஃபாக்ஸ்புரோவைத் திறந்து மொய் கோப்பைக் கேட்டேன். "நாட் எ டேட்டாபேஸ் ஃபைல்" என்றது. இருபத்திரண்டு வருஷக் கணக்கைப் பார்த்து, இது கணக்கே இல்லை என்கிறது.

நகல் ஒன்று பென்டிரைவில் இருந்தது. அது கல்யாணத்துக்கு முந்தின வாரத்தது. ஆக பழைய கணக்கு பிழைத்தது. அந்தக் கல்யாணத்து நானூற்றுச் சொச்சம் பேர் போனார்கள்.

நோட்டைத் திரும்ப வாங்க வேண்டும். இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று மொய் எழுதும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கணக்கு முடித்துக் கொடுத்த நோட்டை மூன்றாம் நாள் திருப்பிக் கேட்டால், என்ன அர்த்தம்? அண்ணி வாசலில் நின்றபடியே கேட்டார். "ஏந்தம்பி, தொகை எதாச்சும் இடிக்குதா?" இல்லைங்க அண்ணி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்றேன். "அன்னைக்கே ஏத்தியாச்சுன்னு சொன்னீங்களே." ஏற்றியாச்சுதான். நான் பொய் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது பொய். அதை வாசலில் நின்று எப்படி விளக்குவது? நோட்டைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் உள்ளே போய்ப் பக்கங்களை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அதற்கப்புறம் இரண்டு ராத்திரி மறுபடி தட்டினேன்.

அதன் பிறகுதான் இந்த வேக விவகாரத்தை ஒழுங்காகப் படித்தேன்.

மொய் மேஜையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிப் பெயரைச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். எழுதி முடித்த பிறகுதான் "ஆச்சுங்க, சாப்பிடப் போங்க" என்று சொல்ல வேண்டும். கூட்டம் நெருக்கினால் சிலர் என்ன செய்வார்கள்? பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆச்சு ஆச்சு என்று அனுப்பிவிட்டு, பெயர்களை மனசில் வைத்து அப்புறம் எழுதுவார்கள். வரிசை மளமளவென்று நகரும். அந்த ஆளுக்கு மட்டும் நடுவில் மயக்கம் வந்துவிடக் கூடாது.

என் வீட்டில் ஒருவர் இல்லை, ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபாக்ஸ்புரோ எழுதிட்டேன் என்று எக்ஸ்பியிடம் தள்ளும். எக்ஸ்பி தன் பொய் டிஸ்க்கிடம் தள்ளும். அது லினக்ஸிடம். லினக்ஸ் நிஜ டிஸ்க்கிடம். நிஜ டிஸ்க்குக்கும் சட்டைப்பை மாதிரி ஒரு சின்ன நினைவகம் உண்டு. ஒவ்வொருவரும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்கிறவர்கள்தான். ஆனால் ஒரு ஒழுங்கு உண்டு. மேலே இருப்பவர் "இதுவரை வந்ததைக் கீழே எழுதி முடித்துவிட்டு மறுபேச்சு பேசு" என்று ஒரு உத்தரவு போடலாம். அந்த உத்தரவு கடைசி ஆள் வரை போக வேண்டும். ரைட்பேக் முறையில் போகும். நன் முறையில் லினக்ஸின் நினைவகத்தைத் தாண்டி நேரே டிஸ்க்குக்குப் போகும், உத்தரவும் போகும். ரைட்த்ரூ ஒவ்வொரு எழுத்துக்கும் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும், ஆமை வேகம். அன்சேஃப் முறையில் அந்த உத்தரவை நடுவில் இருப்பவர் வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஆச்சு என்பார். புதிதாக ஒரு சிஸ்டம் நிறுவும்போது, கெட்டாலும் முதலிலிருந்து தொடங்கலாம் என்கிற இடத்துக்காக வைத்தது அது. நான் அதில் குடித்தனம் நடத்தினேன்.

கரண்ட் போனால் கடைசி அரை நிமிஷத்து வேலைதானே போகும், முழுக் கோப்பும் ஏன் போனது? இதுதான் எனக்கு நாலு நாள் புரியாமல் இருந்தது. அளவு காரணமில்லை, வரிசை குலைந்ததுதான் காரணம். என்டிஎஃப்எஸ்ஸோ எக்ஸ்ட்4-ஓ முதலில் சிட்டை எழுதிவிட்டு அப்புறம் பேரேட்டைத் தொடுகிறவை. நடுவில் விளக்கு அணைந்தால் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் உத்தரவைக் காதில் வாங்காத ஆள், பேரேட்டை முதலில் எழுதிவிட்டு, சிட்டையை மனசில் வைத்திருந்த சமயத்தில் கரண்ட் போனால்? சரிபார்க்க வருகிற எக்ஸ்பி பழைய சிட்டையை வைத்துப் புதுப் பேரேட்டைத் திருத்தும். நல்ல பக்கமும் நாசம்.

பெரியவர்களும் இதில் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதல். 2009-ல் எக்ஸ்ட்4 புதிதாக வந்த சமயம், மெஷின் திடீரென்று நின்றால் சில கோப்புகள் பூஜ்ஜிய அளவில் கிடக்கின்றன என்று உபுண்டு உபயோகிப்பவர்கள் புகார் சொன்னார்கள். எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த டெட் சோ (நம்ம சோ இல்லை, இவர் அமெரிக்கர்), புரோகிராம் எழுதுகிறவர்கள் டிஸ்க்கில் எழுதி முடி என்று கேட்காததுதான் கோளாறு என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனாலும் ஜனங்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதால், வழக்கமான சில இடங்களில் எக்ஸ்ட்4 தானே முந்திக்கொண்டு எழுதும்படி மாற்றமும் செய்தார்.

கோப்பு முறையை மாற்றினேன். எக்ஸ்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் எல்லாம் பார்த்தேன். எக்ஸ்எஃப்எஸ் சிலிக்கன் கிராஃபிக்ஸ் கம்பெனி பெரிய மெஷின்களுக்காகச் செய்தது, நன்றாகவே இருந்தது. இசட்எஃப்எஸ்ஸைப் பெரிய ஆட்கள் சிலாகிக்கிறார்கள், ஆனால் அது நினைவகத்தில் பெரும்பங்கைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் ரகம். என்னிடம் இருந்ததே நாலு ஜிபி. கடைசியில் எக்ஸ்ட்4. டிஸ்க் கோப்பையும் வளர வளர இடம் பிடிக்கும் ரகத்திலிருந்து, இருபது ஜிபியையும் முதலிலேயே பிடித்துவைக்கும் ரா ரகத்துக்கு மாற்றினேன். கேஷ் முறை நன். எக்ஸ்பி விழிக்கும் நேரம் ஒன்றரை நிமிஷம். அன்சேஃப் காலத்தைவிடக் கொஞ்சம் மெதுவு. பிடிஆர்எஃப்எஸ் காலத்தோடு பார்த்தால் பறக்கிறது.

இன்னொரு சின்னச் சங்கதியையும் சொல்ல வேண்டும், பழைய எக்ஸ்பியை உள்வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு உதவும். எக்ஸ்பி தன் டிஸ்க்கில் 63-ஆவது செக்டாரிலிருந்துதான் குடியேறும். ஒரு செக்டார் 512 பைட். இப்போதைய டிஸ்க்குகளும் கோப்பு முறைகளும் 4096 பைட் கட்டங்களாகக் கணக்குப் பார்க்கின்றன. 63 பெருக்கல் 512, 32256. அது 4096-ஆல் மீதியில்லாமல் வகுபடாது. ஆகவே எக்ஸ்பி எழுதும் ஒவ்வொரு நாலு கேபியும் இரண்டு கட்டங்களில் கால் வைத்து நிற்கும். ஒரே பெயரைப் பாதி இந்தப் பக்கத்தின் அடியிலும் பாதி அடுத்த பக்கத்தின் தலையிலும் எழுதுவது மாதிரி. ஜிபார்ட்டட் வைத்துத் தொடக்கத்தை 2048-ஆவது செக்டாருக்கு நகர்த்தினேன். நகர்த்தும் முன் நகல் எடுத்தேன், அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

அந்த வருஷக் கடைசியில் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். சுழலும் தட்டு இல்லை, நகரும் ஊசி இல்லை. துண்டு சிதறலைப் பற்றிய கவலை முக்கால்வாசி போனது. எக்ஸ்பி இருபது நொடிக்குள் எழுந்து நிற்கிறது. இவ்வளவு மல்லுக்கட்டினதற்குப் பதில் முதலிலேயே இதை வாங்கியிருக்கலாமே என்று வீட்டம்மா கேட்டார். வேகத்துக்கு, ஆமாம். ஆனால் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கும் சட்டைப்பை உண்டு. பெரிய சர்வர்களில் போடும் ரகங்களில், கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கி வைத்திருப்பார்கள். நமக்குக் கிடைக்கும் விலையில் பெரும்பாலும் அது இருக்காது.

ஆகவே யாருடைய அட்டவணையையும் நம்பாமல் ஒரு சோதனை செய்தேன். பொய்க் கோப்பு ஒன்றில் பத்துப் பெயர் ஏற்றுவது, கோப்பை மூடுவது, எண்ணிப் பத்து நொடி பொறுப்பது, அதன் பின் நான் "ம்" என்றதும் வீட்டம்மா கம்ப்யூட்டரின் ஸ்விட்சை அணைப்பது. "நல்லா இருக்கற மெஷினை நாமளே கெடுக்கறதா?" என்று முதல் தடவை கை வைக்கவே யோசித்தார். மூன்றாவது தடவைக்கு மேல் அவருக்கு உற்சாகம் வந்து, நான் "ம்" சொல்வதற்கு முன்பே அணைத்துவிட்டார். அந்த ஒரு தடவை மட்டும் கடைசிப் பெயர் இல்லை. மற்ற ஒன்பது தடவையும் நூறு பைசா சுத்தம். பெயர் விடுபட்ட தடவையிலும் கோப்பு ஒழுங்காகத் திறந்தது, மற்றவை அப்படியே இருந்தன. அன்சேஃப் முறைக்கு மாற்றிவைத்து அதே சோதனையைச் செய்தபோது நாலாவது தடவையிலேயே நீலத் திரை வந்துவிட்டது.

யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட்டாயிற்று. ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்குக் கோப்பு தானாகப் பென்டிரைவுக்கு நகலாகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பிரின்ட் எடுத்து, அப்பாவின் நாலு நோட்டுகளோடு பீரோவில் வைக்கிறேன்.

போன ஆவணியில் அண்ணன் வீட்டில் காதுகுத்து. மொய் மேஜையில் நான்தான் உட்கார்ந்தேன். முடிந்ததும் நோட்டை அண்ணியிடம் நீட்டினேன். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, ஒரு பத்து நாள் உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி, அப்புறமா வாங்கிக்கறேன்" என்றார்.